உஷாராணி பெயரில் மூன்று விபத்துகள்

உஷாராணி தன் வாழ்நாளில் யாரையும் இடித்ததில்லை. இதை அவளே சொல்லிக்கொள்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். பதினெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறாள். மஞ்சள் விளக்கைப் பார்த்தால் நின்றுவிடுவாள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் கண்ணாடியில் அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, அப்புறமும் நிற்பாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை, வீடும் அங்கேயே. நாள் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்து எது எதனால் வந்தது என்று தேடுகிற பிழைப்பு. வேலை முடிந்த பிறகும் அந்தப் புத்தி விடாது. மாடி வீட்டு பைப்பில் தண்ணீர் சொட்டினால்கூட ஏன் என்று தெரிந்தாக வேண்டும், தெரியாவிட்டால் தூக்கம் வராது.

அப்படிப்பட்டவளிடம் அந்தச் செவ்வாய்க்கிழமை ஷம்சுதீன், "ஒக்காருங்க சிஸ்டர், தேத்தண்ணி சொல்லட்டுமா?" என்று கேட்டார். அவர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் உட்கார்ந்து பாதி ஊருக்கு வண்டி இன்சூரன்ஸ் போட்டுக்கொடுக்கிறவர். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் ஒரு நாளும் தேநீர் கேட்டதில்லை. ஏஜெண்ட் தானாகத் தேநீர் வாங்கித் தந்தால் சேதி நல்லதாக இருக்காது என்று உஷாராணிக்கு உடனே பட்டது.

"தேத்தண்ணி வேணாம்ணே. வெள்ளிக்கிழமை ரோட்டெக்ஸும் இன்சூரன்ஸும் முடியுது. எவ்ளோன்னு சொல்லுங்க, கட்டிட்டுப் போறேன்."

"போன வருசம் அறுநூத்தி இருபது வெள்ளி. இந்த வருசம் ஆயிரத்து நூத்தி எண்பது வருது."

"யாரு வண்டிக்கு?"

"உங்க மைவி காருக்குத்தான். அதுவும் ஒரே ஒரு கம்பெனிதான் எடுக்குறான். ரெண்டு கம்பெனி வேணாம்னுட்டான். உங்க பேருல லோடிங் போட்டிருக்கு சிஸ்டர். ஆபத்தான ஆளுங்கன்னு நெனச்சா மேல போடுவானே, அந்த எக்ஸ்ட்ரா."

உஷாராணிக்குக் கோபம் வரவில்லை. முதலில் சிரிப்புத்தான் வந்தது. "நானா? அண்ணே, எனக்கு என்சிடி கழிவு அம்பத்தஞ்சு பர்சண்ட் இருக்கு. இடிக்காம ஓட்டுனாத்தானே அது குடுப்பாங்க?"

"அது உங்க மைவிக்கு உள்ள கழிவு. அது அப்படியேதான் இருக்கு, யாரும் கை வைக்கல. ஆனா சில கம்பெனிங்க வண்டிய மட்டும் பாக்காது, ஆளோட பேரையும் தட்டிப் பாக்கும். உங்க ஐசி, அடையாளக் கார்டு நம்பரத் தட்டுனா மூணு க்ளெய்ம் நிக்குது. ரெண்டு இருந்தப்ப சும்மா இருந்துச்சு. போன நவம்பர்ல மூணாவது வந்ததும் முழிச்சுக்கிச்சு." அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இந்த வண்டி யாருது?"

பி எல் கே 4172. அந்த எண்ணைப் பார்த்ததும் உஷாராணியின் சிரிப்பு நின்றது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் தம்பி தனேஷுக்கு எந்த வங்கியும் கடன் தரவில்லை. மோட்டார் சைக்கிள் தவணையை ஒழுங்காகக் கட்டாமல் பெயரைக் கெடுத்து வைத்திருந்தான். "அக்கா, உன் பேருல ஒரு கார் எடுத்துக் குடேன், மாசா மாசம் நான் கட்டிர்றேன்" என்று வந்து நின்றான். நம் குடும்பங்களில் இது புதிதா என்ன? ஏணியை இரவல் கொடுப்பதுபோலப் பெயரை இரவல் கொடுத்துவிடுவோம். திரும்பி வரும்போது அதில் எத்தனை படி உடைந்திருக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. நல்லவேளை, தனேஷ் தவணையை ஒன்று விடாமல் கட்டி முடித்தான். பிறகு ஜொகூருக்குக் குடிபோய், தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வர ஆரம்பித்தான். கார் காப்பாரில் அம்மா வீட்டு முற்றத்தில் நீலக் கித்தானுக்கு அடியில் படுத்துவிட்டது. தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் உஷாராணி அந்தக் கித்தானைப் பார்ப்பாள். அதன் மேல் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருக்கும். வண்டி செத்துப் போய்விட்டது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

செத்த வண்டி மூன்று பேரை இடித்திருக்கிறது!

"எனக்கு ஒரு லெட்டர்கூட வரலையே" என்றாள்.

"ஐசியில எந்த அட்ரஸ்?"

காப்பார் முகவரிதான். தேர்தலுக்குக் காப்பாருக்கே போய் ஓட்டுப் போடுகிறவள், அதை மாற்றவேயில்லை. கடிதமெல்லாம் அங்கேதான் போயிருக்கும்.

ஷம்சுதீன் விரலை மடக்கி வழி சொன்னார். பேசாமல் லோடிங்கைக் கட்டிவிடலாம். இல்லையென்றால் தேர்ட் பார்ட்டி மட்டும் எடுக்கலாம்; அடுத்தவனுக்கு ஆன சேதத்துக்குக் கம்பெனி கொடுக்கும், தன் வண்டி எரிந்தாலும் திருடு போனாலும் ஒரு காசு வராது. "எவனும் எடுக்காத வண்டிக்குன்னு ஒரு பூல் இருக்கு, அங்கயும் போலாம். வெலையக் கேட்டா மயக்கம் வந்துரும் லா." கடைசியாகக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் இருக்கு. அந்த மூணு தடவையும் நீங்க ஓட்டல. ஓட்டுன ஆளுக்கு நீங்க பெர்மிஷன் குடுத்தீங்களா?"

"எனக்கு வண்டி ஓடுறதே தெரியாது. எங்கேர்ந்து பெர்மிஷன்?"

"அப்ப அதை எழுதிக் குடுங்க. என் அனுமதி இல்லாம ஓட்டிட்டாங்கன்னு. உங்க பேரைத் துடைச்சாலும் துடைப்பான். நிச்சயமா சொல்ல மாட்டேன், ஆனா சான்ஸ் இருக்கு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. ஓட்டுன ஆளைக் கம்பெனி சும்மா விடாது. கட்டுன காசை அந்த ஆள்கிட்ட வந்து கேக்கும்."

"கேக்கட்டும்ணே. நல்லா கேக்கட்டும். யாருன்னு போட்டிருக்கா?"

"பேரு இதுல வராது. போலீஸ் ரிப்போர்ட் வந்தாத்தான் தெரியும், ரெண்டு நாளாகும். தேதி, நேரம், எடம், என்ன சேதம், எப்பப் புகார் குடுத்தாங்கன்னு மட்டும் இருக்கு. எழுதிக்கிறீங்களா?"

எழுதிக்கொண்டாள். தேநீர் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடிதத்தைத் தட்டி அச்செடுத்தாள். மலாய் மொழியில் நான்கே வரி. மேற்கண்ட வாகனத்தை ஓட்டியவருக்கு நான் எந்தக் காலத்திலும் அனுமதி கொடுத்ததில்லை என்று இருந்தது. படித்துப் பார்த்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள், யாரைப் போட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியாமல் எப்படிப் போடுவது என்று பேனாவை வைத்துவிட்டுத் தனேஷுக்குப் போன் அடித்தாள்.

"4172 எங்கடா இருக்கு?"

"எந்த 4172?" என்றான் தனேஷ். வருடக்கணக்காகத் தவணை கட்டிய வண்டியின் நம்பரை மறந்தவன் உலகத்தில் உண்டா?

"உன் காருடா. மூணு பேரை இடிச்சிருக்கு. யாருக்குடா குடுத்த? ஜீவனுக்கா?" ஜீவன் காப்பாரில் அம்மாவுக்கு அடுத்த வீட்டுக்காரன், மீன் லோரி ஓட்டுகிறவன்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் அந்தப் பக்கமே வரதில்ல. நீ ஜீவன்கிட்ட வேணா கேளு. ஆனா அம்மாகிட்ட மட்டும் கேக்காத, சரியா?"

"ஏன் அம்மாகிட்ட கேக்கக் கூடாது?"

"சிக்னல் சரியில்லக்கா, கேக்கல" என்றான். போன் வைக்கப்பட்டது. அந்தப் பயலுக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது.

உஷாராணி சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நோயாளியின் பெயர் தெரியாமலே இரத்தத்தைப் பார்த்து வியாதியைச் சொல்கிறவள் அவள். இது என்ன பெரிய காரியம். முதல் விபத்து இரண்டு வருடத்துக்கு முன்னால், காப்பார் பாசாரில், சந்தை வாசலில். பின்னுக்கு எடுக்கும்போது ஒரு வேனின் விளக்கு உடைந்திருக்கிறது. நேரம் காலை ஒன்பது. குடிகாரனோ ரேஸ் விடுகிற பையனோ காலை ஒன்பது மணிக்குப் பாசாரில் என்ன செய்யப்போகிறான்? இரண்டாவது அதற்கு எட்டு மாதம் கழித்து, கிள்ளானில், மேரு சாலைச் சிக்னலில். முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தைத் தொட்டிருக்கிறது. காலை பத்தரை.

இரண்டும் அவசரமில்லாத இடிகள். மெதுவாகப் போய், மெதுவாக மோதி, உடனே போலீஸ் பாலாய்க்குப் போய் ஒழுங்காகப் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டிய ஆள் பயந்தவர், யோக்கியமானவர் என்று அவளுக்குத் தோன்றியது. கோபத்துக்கு நடுவிலும் அந்த ஆளைப் பார்க்க வேண்டும்போல ஓர் ஆசை எழுந்தது. போனில் வரைபடத்தைத் திறந்து இரண்டு இடத்திலும் புள்ளி வைத்தாள். காப்பாரிலிருந்து கிள்ளானுக்கு வந்திருக்கிறார். சரி, கிள்ளானிலிருந்து எங்கே போகிறார்?

மூன்றாவது வரியைப் பார்த்தாள். நவம்பர் பதினான்கு, காலை பதினொன்று இருபது. கோலாலம்பூர். அதற்குப் பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸுக்கு அருகிலிருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையின் பெயரும், கார் நிறுத்துமிடம், இரண்டாம் தளம் என்றும் இருந்தது. ஒரு பெரிய ஜெர்மன் காரின் கதவு நெடுக உரசல்.

நவம்பர் பதினான்கு. அந்த மருத்துவமனையில் நான்காம் மாடியில் டெங்குக் காய்ச்சலோடு கையில் ட்ரிப் ஏறப் படுத்திருந்தது உஷாராணிதான். அவளுடைய கூடத்திலேயே அவளுடைய இரத்தத்தைப் பார்த்துவிட்டு, பிளேட்லெட் நாற்பதாயிரத்துக்குக் கீழே என்று படுக்க வைத்திருந்தார்கள். காலை ஒன்பதரைக்கு அம்மாவுக்குப் போன் பண்ணி, பயப்பட ஒன்றுமில்லை, வர வேண்டாம் என்று சொன்னாள். பதினொன்றரைக்கு அம்மா வாசலில் நின்றாள், கையில் நண்டு சூப்புத் தூக்கோடு. டெங்குவுக்கு நண்டு சூப் நல்லது என்று காப்பாரே சொல்லும். எப்படி வந்தீங்கம்மா என்று கேட்டதற்கு, "ஜீவன் கொண்டாந்து விட்டான்" என்றாள். குணமான பிறகு உஷாராணி ஒரு கேக் வாங்கிக்கொண்டுபோய் ஜீவனுக்கு நன்றி சொன்னாள். அந்த நல்லவன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் வாங்கி வைத்துக்கொண்டான்.

உஷாராணி வரைபடத்தில் மூன்றாவது புள்ளியையும் வைத்தாள். காப்பார், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ். ஒன்றன் பின் ஒன்றாகத் தன் வீட்டை நோக்கி வருகின்றன. ஆனால் அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதை அவளைவிட நன்றாக யார் அறிவார்கள்? தெரியாது என்று தீர்ப்புச் சொன்னவளே அவள்தானே.

அப்பா இறந்த வருடம் நடந்தது அது. அவர் இருந்தவரை அம்மா வள்ளியம்மா இடப்பக்கத்து இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே ஊர் சுற்றினவள். அவர் போனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, "எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்று கேட்டாள். ஒரு காலி நிலத்துக்குக் கூட்டிப்போய் உஷாராணி தன் மைவியைக் கொடுத்தாள். பத்தே நிமிடம். முன்சக்கரம் லோங்காங்குக்குள் இறங்கிவிட்டது. வடிகால்தான், ஆழம்கூட இல்லை. ஆனால் உஷாராணி தொண்டை கிழியக் கத்தினாள். "விடுங்கம்மா! உங்களுக்கு இதெல்லாம் வராது!"  அம்மா இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று உஷாராணி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் காப்பாருக்குப் போனாள். கடிதம் கைப்பையில் இருந்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை.

வீட்டுக்குள் போவதற்கு முன்னால் முற்றத்தில் நின்று நீலக் கித்தானின் ஒரு முனையைத் தூக்கினாள். மேலே தூங்கிய பூனை எரிச்சலோடு குதித்து ஓடியது. கித்தானுக்கடியில் தூசி இல்லை. டயர் நான்கும் புதிது. ஓட்டுநர் இருக்கை ஸ்டியரிங்கோடு ஒட்டும் அளவுக்கு முன்னால் தள்ளப்பட்டு, மேலே பூப்போட்ட திண்டு ஒன்று கிடந்தது. பின்கண்ணாடியில் புதிய ஓட்டுநருக்கான சிவப்பு 'பி' ஸ்டிக்கரை உரித்த தடம் இன்னும் பசையோடு இருந்தது. இரண்டு வருடம் முடிந்ததும் அம்மா உரித்திருக்கிறாள். விதிமுறை தவறாத மனுஷி.

"பூனைய ஏன் வெரட்டுற?" என்று பின்னால் குரல் கேட்டது.

வள்ளியம்மா அறுபத்து மூன்று வயதுக்காரி. குள்ளம், பேச்சு குறைவு. கித்தானின் முனை மகள் கையில் இருப்பதைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து, கார்க் கதவைத் திறந்து, திண்டு கிடந்த இருக்கையின் மேல் அதை வைத்தாள். உள்ளே இன்சூரன்ஸ் கம்பெனிக் கடிதங்கள், மூன்று போலீஸ் ரிப்போர்ட்டுகள், எல்லாம் தேதிவாரியாக ரப்பர் வளையம் போட்டு இருந்தன.

"உன்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. அதான் சேத்து வச்சேன்."

"லைசன்ஸ் எப்பம்மா எடுத்தீங்க?"

"ரெண்டு வருசம் தாண்டிருச்சு. கிள்ளான்ல லோகேஸ்வரி டீச்சர்கிட்ட படிச்சேன். மூணு தடவ ஃபெயிலு. பின்னுக்கு எடுத்து நிறுத்துறதுல ஒவ்வொரு தடவையும் கம்பத்துல முட்டிருவேன். அந்தப் புள்ள ஒரு நாளும் மொகம் சுளிச்சதில்ல. ஓட்ட ஓட்ட வந்துரும் ஆன்டின்னு சொல்லிக்கிட்டே இருக்கும். நாலாவது தடவ வந்துருச்சு. இன்சூரன்ஸ் எல்லாம் தனேஷ் போன்லயே ரினியூ பண்ணிருவான். அவனைத் திட்டாத, நாந்தான் சொல்லாதன்னு கேட்டுக்கிட்டேன்."

"இந்த மூணும் என் பேருல ஏறியிருக்கும்மா. என்னை ஆபத்தான டிரைவர்னு சொல்லிட்டாங்க."

 பெயர் இரவல் என்பது வள்ளியம்மாவுக்குத் தெரியும். ஆனால் இந்த வண்டி செய்த தப்பு மகளின் வெள்ளை மைவியின் தலையிலும் விடியும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. "உன் வண்டிக்கும் இதுக்கும் என்ன? அது வேற நம்பராச்சே..." என்று தடுமாறினாள். உஷாராணி ஷம்சுதீன் சொன்னதையெல்லாம் சொன்னாள். சொல்லும்போது கைக்குட்டை எடுக்கப் பையைத் திறக்க, மடித்த கடிதம் கீழே விழுந்தது.

வள்ளியம்மா அதை எடுத்தாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதங்களைப் படித்துப் படித்து அவளுக்கு மலாய் நன்றாகவே வரும். உதடு அசைய மெல்லப் படித்தாள். எந்தக் காலத்திலும் அனுமதி கொடுத்ததில்லை என்ற வரிக்கு வந்ததும் உதடு நின்றது.

"சரியாத்தான் எழுதியிருக்க" என்றாள். "நீ குடுக்கலதான். கையெழுத்துப் போட்டு அனுப்பு. கம்பெனிக்காரன் வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்." இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கடிதத்தோடு சேர்த்து நீட்டினாள். "வண்டியையும் கொண்டு போயிரு. ஒனக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டு எனக்கு எதுக்கு இது."

குரலில் கோபம் இல்லை. அன்றைக்குக் கார்க் கதவை மெதுவாகச் சாத்தினாளே, அதே அமைதிதான் இப்போதும் இருந்தது. உஷாராணிக்கு வெட்கமாக இருந்தது. அன்று ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிடவில்லை. இன்றும் சும்மா நின்றால் தன்னைவிடக் கேவலமானவள் இருக்க முடியாது என்று நினைத்தாள். சாவியை வாங்கவில்லை.

"ஓட்டிக் காட்டுங்க" என்றாள்.

"என்னது?"

"கிள்ளான் வரைக்கும் போவோம். நான் இந்தப் பக்கம் ஒக்காந்துக்கிறேன்."

வள்ளியம்மா திண்டைத் தட்டிப் போட்டு ஏறினாள். கண்ணாடி மூன்றையும் சரி பார்த்தாள். பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். வண்டி முற்றத்தை விட்டு வெளியேறியபோது ஜீவன் வாசலில் மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்தான். இடப்பக்கத்தில் உஷாராணியைப் பார்த்ததும் பெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினான். கேக் நினைவுக்கு வந்திருக்கும்.

காப்பார்ச் சாலையில் லோரிகள் இரு பக்கமும் பறந்தன. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து உஷாராணிக்கு வலது கால் வலித்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. கவனித்தாள். அம்மா ஓட்டும்போது பேசுகிறாள், தனக்குத் தானே, சின்னக் குரலில். "இப்ப எடது லேன். அந்தக் கோயில் தாண்டி குழி. பெட்ரோல் ஸ்டேஷன் வந்துருச்சு, இங்க சிக்னல் போடணும்." குழி சொன்ன இடத்தில் குழி இருந்தது.

"இதெல்லாம் எப்புடிம்மா மனப்பாடம்?"

"லைசன்ஸ் கெடச்சதும் மூணு வாரம் பஸ்ஸுல போனேன். டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல ஒக்காந்து அவன் எங்க லேன் மாறுறான், எங்க ப்ரேக் புடிக்கிறான்னு பாத்துக்கிட்டே போவேன். கிள்ளான்ல எறங்கி அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். அந்த டிரைவரு ஒரு நாள் கேட்டுட்டான், என்ன ஆன்டி, வேல தேடுறீங்களான்னு."

உஷாராணி சிரித்துவிட்டாள். வள்ளியம்மாவும் சிரித்தாள், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே. மேரு சாலைச் சிக்னல் வந்தது. முன்னால் நின்ற காருக்குப் பின்னால் ஒரு லோரியே நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நின்றாள். "இங்கதான் ரெண்டாவது" என்றாள், மருத்துவரிடம் வலிக்கும் இடத்தைக் காட்டுகிறவள்போல.

"எதுக்கும்மா கிள்ளானுக்கு வந்தீங்க?"

"கிள்ளானுக்கு எதுக்கு? உன் வீட்டுக்குத்தான். பாசார் வரைக்கும் ஓட்ட வந்துருச்சு, அப்புறம் கிள்ளான் வரைக்கும். அப்புறமா கோலாலம்பூர் போற ஃபெடரல் ஹைவே. ஒரு நாள் காலைல உன் வீட்டுக் கீழ வந்து நின்னு, எறங்கி வாடின்னு போன் பண்ணணும்னு நெனச்சிருந்தேன். அதுக்குள்ள ஒனக்குக் காய்ச்சல் வந்துருச்சு."

"அந்த ஜெர்மன் காரு?"

"அது சூப்பு" என்றாள் வள்ளியம்மா. "ஹைவே முழுக்க ஒழுங்கா வந்துட்டேன். கார் பார்க்ல வளையுறப்ப தூக்கு சாஞ்சிருச்சு. ஊத்திறப் போவுதேன்னு ஒரு கையால புடிச்சேன். அம்புட்டுதான்."

பச்சை விளக்கு விழுந்தது. உஷாராணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள், அழுவது தெரியாமல் இருக்க. அந்தச் சூப்பில் உப்புக் குறைவு என்று அன்றைக்குக் குறை சொல்லி, பாதியை அப்படியே வைத்துவிட்டாள். அதை இப்போது சொல்ல முடியுமா?

வெள்ளிக்கிழமை காலை இருவரும் ஷம்சுதீனின் மாடிப்படியில் ஏறினார்கள். பி எல் கே 4172 கீழே துணிக்கடை வாசலில் கோட்டுக்குள் ஒழுங்காக நின்றது. ஃபெடரல் ஹைவேயில் வள்ளியம்மாதான் ஓட்டி வந்து, மகள் வீட்டுக்குக் கீழே நின்று, போன் பண்ணி இறங்கி வரச் சொன்னாள்.

"லெட்டர் கொண்டாந்தீங்களா சிஸ்டர்?" என்றார் ஷம்சுதீன்.

"லெட்டர் இல்லண்ணே. வீட்டு ஆளுதான் ஓட்டுனது. என் மைவிக்கு அந்த லோடிங்க போட்டே குடுங்க, கட்டிர்றேன். 4172ஐ அம்மா பேருக்கு மாத்துறோம். இன்சூரன்ஸ் முதல்ல அவங்க பேருல வேணும், அப்புறம் வண்டி பதியுற ஜேபிஜே ஆபீஸ் போய் ரெண்டு பேரும் கைரேகை வச்சிர்றோம்."

ஷம்சுதீன் வள்ளியம்மாவை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவராகவே மூன்று தேநீர் சொன்னார். "அக்கா, புதுசா ஆரம்பிக்கிறதால உங்களுக்குக் கழிவு கிடையாது, கோசம், சைபர். வெலை கூடத்தான் வரும். மூணு வருசத்துக்குள்ள ஏதாச்சும் ஆக்சிடன் உண்டா? உள்ளதைச் சொல்லணும்."

"மூணு" என்றாள் வள்ளியம்மா. "மூணும் என் தப்புத்தான் தம்பி. எழுதுங்க. ஒளிச்சு வச்சதெல்லாம் போதும்."

அவர் எழுதினார். விலை இன்னும் ஏறியது. வள்ளியம்மா வாய்விட்டு ஒரு முறை படித்துப் பார்த்து, பத்திரத்தில் வாகன உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயர் இருப்பதையும் தகப்பன் பெயர் கன்னையா என்று சரியாக இருப்பதையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் பெயரில் இதற்கு முன்னால் ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை.

"கூட ஓட்டுறதுக்கு வேற யாரு பேராச்சும் போடணுமா அக்கா? பேரு இல்லாத ஆளு ஓட்டி வண்டி அடிபட்டா நானூறு வெள்ளி நீங்கதான் கைக்காசு போடணும்."

"மக பேரைப் போடுங்க. அவசரத்துக்கு எடுத்துட்டுப் போகட்டும்."

ஷம்சுதீன் உஷாராணியின் ஐசி எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார், உஷாராணியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "அக்கா, இவங்களப் போட்டா கம்பெனி கேள்வி கேக்கும். யாரு ஓட்டுனாங்கன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது, பேரைத்தான் பாக்கும். இவங்க பேருல மூணு க்ளெய்ம் நிக்குது. ஆபத்தான ஆளு. யோசிச்சுச் சொல்லுங்க."

வள்ளியம்மா யோசிக்கவில்லை. மகளின் கையை மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டாள்.

"பரவால்ல தம்பி, போடுங்க" என்றாள். "நம்ம புள்ளதானே. ஓட்ட ஓட்ட வந்துரும்."